மாடல் கார் பெயிண்டில் குறையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

1/24 அளவு காரின் பாடி சுமார் 18 சென்டிமீட்டர் நீளம். நிஜக் காரில் பிரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 மைக்ரான் கனம் இருக்கும். அதை 24ஆல் வகுத்தால் நாலு மைக்ரான்தான் வரும். அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது. எவ்வளவு கவனமாக அடித்தாலும் மாடலின் மேல் பெயிண்ட் தேவைக்கு அதிகமாகத்தான் உட்கார்ந்திருக்கும். நிஜக் கார் கதவின் பளபளப்பில் லேசாக அலை இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. அதே அலை மாடலில் இருந்தால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும்.

குறை கண்ணில் பட்டதும் செய்ய வேண்டிய முதல் காரியம், கையை எடுத்துவிடுவது. ஈரப் பெயிண்டைத் துடைத்தாலும், தூசியை விரலால் எடுத்தாலும், "இன்னொரு கோட் போட்டால் மூடிவிடும்" என்று மேலே அடித்தாலும் சின்னக் குறை பெரிதாகும். முழுசாகக் காயட்டும். அதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தப்பு எங்கே?

ஏர்பிரஷின் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி) கப்பைக் கழுவி, வெறும் தின்னரை (பெயிண்டை இளக்கும் திரவம்) ஊற்றி, அட்டையில் ஒரு கோடு இழுங்கள். கோடு விட்டுவிட்டு வந்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்தால், துப்பினால், கோளாறு ஏர்பிரஷில். அதைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன். கோடு சீராக இருந்தால், கலந்து வைத்த பெயிண்டை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பாருங்கள். அந்த வளைவு பானெட்டின் வளைவுக்கு நெருக்கமாகவே இருக்கும். ஸ்பூனில் நன்றாக விழுந்து பாடியில் மட்டும் கெட்டால், குறை அடியில் இருக்கும் பரப்பில். இரண்டிலும் கெட்டால் கலவையிலோ, தூரத்திலோ, காற்றழுத்தத்திலோ தேடுங்கள்.

இந்த மூன்றாவது வகைதான் அதிகம். அதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நாசிலை (ஏர்பிரஷின் நுனித் துளை) விட்டுக் கிளம்பிய துளி, பாடியைத் தொடும்போது எவ்வளவு ஈரமாக இருந்தது? வழியிலேயே காய்ந்திருந்தால் சொரசொரப்பு. பாதி காய்ந்திருந்தால் ஆரஞ்சுத் தோல். ஈரம் மிஞ்சியிருந்தால் ஒழுகல்.

கையால் தடவினால் மெல்லிய மணல் மாதிரி இருக்கிறது

துளி காற்றிலேயே காய்ந்து தூளாக வந்து விழுந்திருக்கிறது. பெரும்பாலும் கூரையிலும் டிக்கி மூடியிலும்தான் இது வரும். பக்கவாட்டில் அடிக்கும்போது மேலே பறக்கும் தூள் அங்கேதான் படியும். அதனால் அடிக்கும் வரிசையையே மாற்றுங்கள்: முதலில் இடுக்குகள், கீழ் விளிம்புகள், பிறகு பக்கங்கள், கடைசியாகக் கூரையும் பானெட்டும்.

தூரத்தைக் குறையுங்கள். பாடிக்கு 8 முதல் 12 சென்டிமீட்டர் போதும். காற்றழுத்தம் 25 பிஎஸ்ஐக்கு (கம்ப்ரெஸர் மீட்டரில் காட்டும் அலகு) மேல் இருந்தால் 15–18க்கு இறக்குங்கள். அறை வெப்பமாக இருந்தால் தின்னர் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். அப்போது ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்ந்த தின்னருக்கு மாறுவதுதான் வழி. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் அந்த வகை. அதனால் பெயிண்ட் தானாகப் பரவிச் சமமாக நேரம் கிடைக்கிறது. விலை கூடிய ஏர்பிரஷ் வாங்க யோசிப்பவர்கள் அதற்கு முன்னால் நல்ல தின்னர் ஒரு பாட்டில் வாங்கிப் பார்க்கலாம். வித்தியாசம் அதில்தான் அதிகம் தெரியும்.

ஏற்கெனவே விழுந்த தூளுக்கு: காய்ந்தபின் 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். மெட்டாலிக் கலராக இருந்தால் தேய்க்கக் கூடாது. ஏன் என்பது பிறகு.

பளபளக்கிறது, ஆனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம்

ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பானெட்டில் பாருங்கள். கோடு நேராக இருந்தால் பரப்பு சமம். ஓரம் அரித்த மாதிரி நெளிந்தால் ஆரஞ்சுத் தோல்.

துளிகள் ஈரமாகத்தான் விழுந்தன. ஆனால் ஒன்றோடொன்று கலந்து சமமாவதற்குள் இறுகிவிட்டன. பெயிண்ட் கெட்டியாக இருப்பதுதான் முதல் காரணம். பாட்டிலில் வரும் லேக்கரை (வீரியமான தின்னரில் கரைந்து, வேகமாகக் காயும் பெயிண்ட்) ஒரு பங்குக்கு ஒரு பங்கு தின்னரில் தொடங்கி, கிளியருக்கு ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு வரைக்கும் போகலாம். "பால் பதம்" என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கப்பின் சுவரைப் பாருங்கள்: கலவையைச் சுவரில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலமாகத் தங்கி, பின்னால் ஒரே சீராக இறங்க வேண்டும். திட்டாக ஒட்டி நின்றால் கெட்டி. கண்ணாடி மாதிரி ஒன்றுமே தங்காமல் ஓடினால் தண்ணி.

இரண்டாவது காரணம் பயம். ஒழுகிவிடுமோ என்று எல்லா கோட்டையும் தூவலாகவே அடிப்பவர்களுக்கு ஆரஞ்சுத் தோல் நிச்சயம். பிடிப்புக்காக ஒன்றிரண்டு தூவல் கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். அதன்பின் ஒரு ஈர கோட் கட்டாயம் வேண்டும். ஈர கோட் அடிக்கும்போது பாடியைப் பார்க்காதீர்கள். விளக்கு பாடியில் படும் இடத்தைப் பாருங்கள். ஏர்பிரஷ் நகர நகர, அதன் பின்னாலேயே பரப்பு கண்ணாடியாக மாறிக்கொண்டே வர வேண்டும். மாறவில்லையா, கையின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பெயிண்ட் நகர ஆரம்பிக்கிறதா, அந்த நொடியே அடுத்த இடத்துக்குப் போங்கள். கிளியருக்கு 0.3 மில்லிமீட்டர் நாசிலை விட 0.5 வசதி; ஒரே வீச்சில் அதிக ஈரம் விழும்.

கிளியரில் வந்த ஆரஞ்சுத் தோலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். கலரில் வந்ததன் மேல் கிளியர் அடித்தால் அது மறையாது, இன்னும் எடுப்பாகத் தெரியும். கலரிலேயே தேய்த்துச் சமமாக்கிவிட்டு மேலே போங்கள்.

ஒழுகியிருக்கிறது

வீல் வளைவின் உதட்டிலும், கதவின் அடி விளிம்பிலும் பாருங்கள், அங்கேதான் சொட்டு சேரும். ஈரத்தில் கவனித்துவிட்டால் பாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாலே சில சமயம் சரியாகிவிடும். விளிம்பில் தொங்கும் சொட்டை உலர்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சலாம். காய்ந்துவிட்டால், சொட்டு மற்ற இடத்தைவிட மெதுவாக இறுகும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வாரம் விட்டு, கட்டையில் சுற்றிய 1500 பேப்பரால் சொட்டை மட்டும் தேயுங்கள். விரலால் தேய்த்தால் சுற்றிலும் பள்ளம் விழும்.

அடித்ததும் பால் படர்ந்த மாதிரி வெளுக்கிறது

லேக்கரில், ஈரப்பதம் அதிகமான நாளில் வரும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கறுப்பில் சாம்பல் பூத்தது போலவும், கிளியரில் மேகம் போலவும் தெரியும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கிளியர் அடிக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட முடியாது என்றால் ரிடார்டர், மெல்லிய கோட், நடுவே அதிக இடைவெளி.

வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஈரப்பதம் குறைந்த நாளில் வெறும் லெவலிங் தின்னரை லேசாகத் தூவினால் மேல்பரப்பு மறுபடி இளகி, மாட்டியிருந்த நீர் வெளியேறும். பெரும்பாலும் வெண்மை கண்ணெதிரேயே மறைந்துவிடும். டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டிய பாடியில் மட்டும் இந்தச் சிகிச்சை கூடாது.

சின்னச் சின்ன வட்டக் குழிகள்

பெயிண்ட் விலகி நடுவில் அடிப்பரப்பு தெரிகிறதென்றால் எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. அச்சிலிருந்து பிளாஸ்டிக்கைக் கழற்றப் பூசும் எண்ணெய், விரல் எண்ணெய், பக்கத்தில் யாரோ அடித்த டேஷ்போர்டு பாலிஷ், இந்த மூன்றில் ஒன்று. பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன்பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழிகள் வரிசையில்லாமல் சிதறி, அடிக்க அடிக்கக் கூடினால், ஹோஸ் வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அழுத்திய காற்று ஹோஸில் குளிர்ந்தபின்தான் நீர் விடும். எனவே நீர்ப்பொறி கம்ப்ரெஸர் பக்கம் மட்டுமல்லாமல் ஏர்பிரஷ் பக்கமும் ஒன்று இருப்பது நல்லது. டேங்க் இருந்தால் அடியில் உள்ள திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள்.

சுருங்குகிறது, வெடிக்கிறது

இதில் இரண்டு வகை. பெயிண்ட் பழத்தோல் மாதிரிச் சுருங்கினால் அடிக் கோட் இன்னும் காயவில்லை, அல்லது எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) மேல் லேக்கர் போயிருக்கிறது. பெயிண்டுக்குக் கீழே பிளாஸ்டிக்கே மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தால், வீரியமான தின்னர் நேராக பாலிஸ்டைரீனை (மாடலின் பிளாஸ்டிக்) தொட்டிருக்கிறது.

லேக்கர் மேல் எனாமலும் அக்ரிலிக்கும் போகலாம். எனாமல் மேல் லேக்கர் போகாது. லேக்கரின் தின்னர் எனாமலைக் கிளறிவிடும். எனாமல் மேலேயே எனாமல் அடிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு: முதல் கோட் அரைகுறையாக இறுகியிருக்கும் நேரத்தில் இரண்டாவது போனால் சுருங்கும். டப்பாவில் "இத்தனை நேரத்துக்குள், இல்லையென்றால் இத்தனை நேரம் கழித்து" என்று போட்டிருப்பது இதற்காகத்தான்.

பிளாஸ்டிக் வெடிப்புக்குப் பிரைமர்தான் காப்பு. மிஸ்டர் சர்ஃபேசர் 1500 போன்ற மெல்லிய பிரைமரை இரண்டு மூன்று தூவலாக ஏற்றி, ஒரு நாள் விட்டு, அதன்மேல் கலரின் முதல் கோட்டுகளையும் தூவலாகவே கொடுங்கள். பட்டி பார்த்த இடத்தில் சில நாள் கழித்துக் கோடு தெரிவதும் இதே குடும்பம்: பட்டி முழுசாகச் சுருங்கி முடியுமுன் பெயிண்ட் ஏறியிருக்கிறது. பெரிய நிரப்பலுக்கு தின்னர் ஆவியாகிக் காயும் பட்டியைத் தவிர்த்து, இரண்டு பாகம் கலக்கும் பட்டியை எடுங்கள். அது அவ்வளவாகச் சுருங்காது.

வலேஹோ மாதிரி நீர்வகை அக்ரிலிக்கில் லேக்கர் தின்னரை ஊற்றினால் கப்பிலேயே திரிந்து ரப்பராகிவிடும். டமியாவின் எக்ஸ் வரிசை ஆல்கஹால் வகை; லேக்கர் தின்னரோடு ஒத்துப்போகும், இன்னும் நன்றாகவே பரவும். "அக்ரிலிக்" என்று லேபிளில் இருப்பதை மட்டும் நம்பிக் கலக்காதீர்கள்.

வெள்ளை அடித்தேன், மறுநாள் ரோஸ் நிறமாகிவிட்டது

சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த பாடி. அதன் சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. எத்தனை கோட் வெள்ளை போட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பிரைமர் சில சமயம் தடுக்கும், சில சமயம் தடுக்காது. சில்வர் ஒரு கோட் தடுப்பாகக் கொடுத்து, அதன்மேல் பிரைமர், பிறகு கலர் என்று போங்கள். சந்தேகம் இருந்தால் பாடியின் உட்புறத்தில் வெள்ளைப் பிரைமரை ஒரு விரல் அகலம் அடித்து மறுநாள் பாருங்கள்.

மஞ்சளும் சிவப்பும் திட்டாக மூடுவது வேறு விஷயம். இவற்றின் மூடும் சக்தியே குறைவு. மஞ்சளுக்கு வெள்ளை அடி, சிவப்புக்கு ரோஸ் அடி கொடுத்தால் பாதி கோட்டில் வேலை முடியும்.

மெட்டாலிக் திட்டுத்திட்டாக இருக்கிறது

கலரை ஈரமாக அடித்திருக்கிறீர்கள். ஈரத்தில் உலோகத் துகள்கள் மிதந்து சில இடத்தில் கூடி, சில இடத்தில் படுத்துவிடும். வழக்கமான கோட்டுகள் முடிந்ததும், அழுத்தத்தைக் குறைத்து, 15–20 சென்டிமீட்டர் தள்ளி நின்று, குறுக்கும் நெடுக்குமாகத் தூவல் கோட் ஒன்று கொடுங்கள். துகள்கள் விழுந்த இடத்திலேயே உட்காரும். பளபளப்பு வராதே என்று கவலை வேண்டாம், அது கிளியரின் வேலை.

மெட்டாலிக்கைத் தேய்க்கக் கூடாது என்பதும் இதனால்தான். மேலே இருக்கும் துகள்களின் தலையைப் பேப்பர் சீவிவிடும். அந்த இடம் கறுத்துத் தனியாகத் தெரியும். தூசி விழுந்திருந்தால் அதை மட்டும் ஊசியால் எடுத்துவிட்டு, மேலே தூவுங்கள்.

குரோம் நிறம் மங்கலாக வருவதற்கு அடியில் இருக்கும் கறுப்பைக் கேளுங்கள். ஆல்க்ளாட் கம்பெனியின் குரோம் பெயிண்டுக்கு அடி கண்ணாடிப் பளபளப்பில் இருக்கும் கறுப்பாக இருக்க வேண்டும். 12–15 பிஎஸ்ஐயில் மெல்லிய தூவல்கள் போதும். அதிகம் அடித்தால் சாதாரண அலுமினியமாகிவிடும். மேலே கிளியர் போட்டாலும் ஜொலிப்பு குறையும்.

ஏர்பிரஷின் சேட்டைகள்

கப்பில் குமிழி வருகிறது: நாசில் வழியாகக் காற்று பெயிண்ட் பாதைக்குள் புகுகிறது. நாசில் தளர்ந்திருக்கலாம், கழுத்தில் வெடிப்பு இருக்கலாம், நுனியில் காய்ந்த பெயிண்ட் அடைத்திருக்கலாம். திருகு உள்ள சின்ன நாசிலை ஸ்பேனரால் பலமாக முறுக்கினால் கழுத்து ஒடியும். விரல் முறுக்கு அளவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஒரு பக்கமாக அடிக்கிறது: நீடில் நுனி வளைந்திருக்கிறது. நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கொக்கி இருந்தால் உராயும். கண்ணாடித் துண்டின் மேல் நீடிலைச் சாய்வாக வைத்து, உருட்டிக்கொண்டே பின்னால் இழுத்தால் லேசான வளைவு நிமிரும். பெரிய வளைவுக்குப் புது நீடில்தான்.

நடுநடுவே துப்புகிறது: அக்ரிலிக்கில் நுனியில் பெயிண்ட் காய்ந்து பூ மாதிரிக் கட்டும். தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அவ்வப்போது துடையுங்கள். அடித்து முடிக்கும்போது முதலில் பெயிண்டை நிறுத்தி, பிறகு காற்றை நிறுத்தும் பழக்கம் வந்தால் பாதித் துப்பல் நிற்கும். ட்ரிகரில் இருந்து பெயிண்ட் கசிந்தால் உள்ளே நீடிலைச் சுற்றியிருக்கும் சீல் தேய்ந்திருக்கிறது. அது ரப்பராக இருந்தால் லேக்கர் தின்னரில் ஊறி உப்பும், டெஃப்லான் சீலுக்கு மாற்றுங்கள்.

சிலந்திக் கால் மாதிரி ஓடுகிறது: தண்ணியான பெயிண்ட், கூடுதல் அழுத்தம், குறைந்த தூரம். மூன்றில் ஒன்றைச் சரிசெய்தாலே நிற்கும்.

டேப் ஓரத்தில் கசிவு

டேப் ஒட்டியபின், முதலில் அடிக் கலரையே ஓரத்தில் லேசாகத் தூவிவிடுங்கள். கசிந்தால் அதுதான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு இரண்டாவது கலர். டேப்பை மேலே தூக்காமல், தன்மேலேயே மடித்து, பரப்பை ஒட்டினாற்போல் இழுங்கள். டேப்போடு பெயிண்டும் வந்துவிட்டால் டேப் மேல் பழி போடாதீர்கள், அடியைக் கழுவாமல் பிரைமர் அடித்திருப்பீர்கள்.

டீக்கலைச் சுற்றி வெள்ளிப் படலம்

மேட் (பளபளப்பில்லாத) பரப்பின் மேடுபள்ளத்தில் காற்று சிக்கியிருக்கிறது. டீக்கல் எப்போதும் பளபளப்பின் மேல். ஏற்கெனவே வெளுத்திருந்தால் ஊசியால் குத்தி, மைக்ரோ சால் (டீக்கலை இளக்கும் திரவம்) தொட்டு, காய விடுங்கள். முதலில் டீக்கல் சுருங்கிப் பயமுறுத்தும். தொடாமல் விட்டால் தானாக இறுகிப் படியும்.

டீக்கல் மேல் லேக்கர் கிளியர் அடிக்கும்போது முதல் மூன்று கோட் தூவல் மட்டுமே. ஈரமாகப் போனால் டீக்கல் கரைந்து நெளியும், அதற்கு மருந்தில்லை.

கிளியர், பாலிஷ்

விரல் ரேகை பதிகிறதா? மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாடை இருக்கும்வரை உள்ளே காயவில்லை. வாடை நின்றபின் 2000, 3000 என்று தண்ணீரில் தேய்த்து, பிறகு காம்பவுண்டில் (பாலிஷ் பசை) கடினம், நடுத்தரம், மெல்லிது என்று வரிசையாக. மைக்ரோ மெஷ் துணியின் 3200, 6000 போன்ற எண்கள் சாதாரண வாட்டர் பேப்பரின் எண்களோடு ஒத்துப்போகாது. இரண்டையும் ஒரே வரிசையில் கோத்துவிடாதீர்கள்.

விளிம்புகளில் கலர் போய் பிரைமர் எட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய ஆபத்து. பானெட்டின் மடிப்புக் கோடு, வீல் உதடு, கதவு ஓரம் எல்லாவற்றிலும் மெல்லிய டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். காம்பவுண்டுக்குக் கடைசியில் டேப்பை எடுத்தால் போதும். பேனல் கோடு பெயிண்டில் மூடியிருந்தால் பிரைமருக்கு முன்னாலேயே ஆழப்படுத்தியிருக்க வேண்டும். இப்போது கறுப்பு வாஷ் (நன்றாக நீர்த்த பெயிண்ட்) ஓடவிட்டு ஆழம் இருப்பதுபோல் காட்டலாம்.

இரண்டு பாகம் கலக்கும் யூரித்தேன் கிளியர் ஒரே கோட்டில் கண்ணாடியாக விழும், உண்மைதான். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது, ஒருமுறை வந்தால் பின்னர் சிறு அளவுக்கே திரும்ப வரும். தூசி மாஸ்க் இதைத் தடுக்காது. சரியான சுவாசக் கருவியும் வெளியேற்றும் விசிறியும் இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. சாதாரண லேக்கருக்கும் கரிம ஆவி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். விசிறியின் மோட்டார் பொறி தெறிக்காத வகையாக இருக்க வேண்டும்.

எப்போது எல்லாவற்றையும் கழற்றுவது?

பிளாஸ்டிக் வெடித்திருந்தாலோ, எனாமல் சுருங்கியிருந்தாலோ, பெயிண்ட் கனத்தில் கதவுக் கோடே காணாமல் போயிருந்தாலோ, சரிசெய்வதைவிடக் கழற்றுவது வேகம். அக்ரிலிக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் எடுக்கும். எனாமலுக்குக் காஸ்டிக் உள்ள ஓவன் கிளீனர் (அடுப்பு சுத்தம் செய்யும் திரவம்). கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். குரோம் பூச்சை மட்டும் எடுக்க ப்ளீச் போதும். இவற்றில் எதையும் இன்னொன்றோடு ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். லேக்கர் தின்னரில் பாடியை ஊறப் போட்டால் பெயிண்டோடு பாடியும் கரையும். எதுவானாலும் மறைவான ஒரு மூலையில் சோதித்துவிட்டு முழுசாக முக்குங்கள். கழற்றியபின் சோப்புப் போட்டுக் கழுவி, வெடித்த இடங்களை 1000 பேப்பரால் தேய்த்து, முதலில் மெல்லிய பிரைமர் தூவல் ஒன்று. வெடிப்பு மறைந்திருந்தால் மேலே போகலாம். இன்னும் தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை பிரைமர், இன்னொரு முறை தேய்ப்பு.